ஸ்டூடியோவும் துணியும் தறியும்: இன்றைய ஆப்பிரிக்க, புலம்பெயர் கலைஞர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய ஆப்பிரிக்கக் கலைஞர்கள் என்றால் யாரைக் குறிக்கிறோம்?

ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம். மொராக்கோவின் கலைஞருக்கும் தென்னாப்பிரிக்காவின் கலைஞருக்கும் இடையே மொழி, சமயம், காலனிய வரலாறு எல்லாமே வேறுபடுகின்றன. ஆகவே கண்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு பாணியைத் தேடுவதில் பயனில்லை. இங்கே பேசப்படுவோர் இரு தரப்பினர். முதல் தரப்பினர் கண்டத்திலேயே வாழ்ந்து பணியாற்றுவோர். இரண்டாம் தரப்பினர் புலம்பெயர்ந்தோர். அடிமை வணிகத்தில் அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும், 20ஆம் நூற்றாண்டில் படிப்பு, வேலை, போர் ஆகியவற்றின் பொருட்டு லண்டனுக்கும் பாரிசுக்கும் நியூயார்க்கிற்கும் சென்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் இதில் அடங்குவர். ஒருவரே வாழ்நாளில் இரு தரப்பிலும் இருப்பதும் உண்டு. கானாவில் 1929இல் பிறந்த ஜேம்ஸ் பார்னர் அக்ராவில் ஸ்டூடியோ நடத்தி, 1959இல் லண்டன் சென்று, பத்தாண்டுக்குப் பின் வண்ணப்பட அச்சாக்கத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, முதுமையில் மீண்டும் லண்டனில் குடியேறியவர்.

ஒளிப்படம், ஆடை, ஓவியம் மூன்றையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

மூன்றும் ஒரே இடத்தில் வேர்விட்டவை என்பதால்தான். மேற்கு ஆப்பிரிக்க நகரங்களில் 1940களிலிருந்து ஒளிப்பட ஸ்டூடியோக்கள் பெருகின. புதிதாகத் தைத்த ஆடையை அணிந்துகொண்டு படம் எடுத்துக்கொள்ளப் போவது வழக்கமாயிற்று. தையற்காரரும் ஒளிப்படக்காரரும் ஒரே வாடிக்கையாளருக்காக உழைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறையில் ஓவியர்களும் ஆடை வடிவமைப்பாளர்களும் தோன்றினார்கள்.

இதைவிட ஆழமான காரணமும் உண்டு. காலனிய ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்கரைப் படம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், மானுடவியல் ஆய்வாளர்கள், தபால் அட்டை வியாபாரிகள் ஆகியோரே. எப்படி நிற்பது, எதை உடுத்துவது என்று சொல்லும் உரிமை படத்தில் இருப்பவருக்கு இல்லை. ஸ்டூடியோவில் அந்த உரிமை அவர் கைக்கு வந்தது. தன் உருவம் உலகுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பது என்ற இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால், 1948இன் ஒரு முற்றத்திலிருந்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை நடக்கும் கலைக் கண்காட்சியான இன்றைய வெனிஸ் பியனாலே வரை தொடர்பு அறாமல் சென்றுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் இருந்த செய்டூ கெய்ட்டாவின் ஸ்டூடியோவிலிருந்து தொடங்கலாம். தச்சுத் தொழில் பழகிய இளைஞர் அவர். 1935இல் செனகல் போய்த் திரும்பிய மாமா ஒரு சிறிய கோடாக் கேமராவைக் கொடுத்தார். அதில் தானாகவே கற்றுக்கொண்டார். 1948இல் ரயில் நிலையத்துக்கு அருகில் தம் வீட்டிலேயே ஸ்டூடியோ திறந்தார். பெரும்பாலும் முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், 13க்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய நெகட்டிவில் படம் எடுத்தார். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே கேமராவை இயக்குவார். ஆகவே அந்த ஒரு நொடிக்கு முன் வாடிக்கையாளரை அமர்த்துவதிலும் கையையும் தோளையும் திருப்பி வைப்பதிலும் அவர் காட்டிய கவனம் முழுமையானது.

பின்னால் தொங்கும் திரைகளில் முதலாவது அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரையை மாற்றினார்; பிற்காலத்தில் எந்தப் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று அவரால் சொல்ல முடிந்தது அந்தத் திரைகளை வைத்துத்தான். கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, ஸ்கூட்டர், ஐரோப்பிய உடைகள் முதலியன ஸ்டூடியோவிலேயே இருந்தன. விரும்பியவர் எடுத்து அணிந்துகொள்ளலாம், பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அவருடைய படங்களில் அதிகம் அறியப்பட்ட ஒன்றில், வெள்ளை மேலங்கியும் கனத்த விளிம்புள்ள கண்ணாடியும் அணிந்த இளைஞர் ஒருவர் ஒற்றைப் பூவை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறார். இன்னொன்றில் பூவேலை நிறைந்த ஆடை அணிந்த பெண் ஒருவர் கட்டம் போட்ட விரிப்பின் மீது சாய்ந்து படுத்திருக்கிறார். ஆடையின் கோலமும் விரிப்பின் கோலமும் திரையின் கோலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஆனாலும் முகம் அவற்றில் மறைந்துபோகவில்லை. கருப்பு வெள்ளையில் துணியை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய வேறொரு ஒளிப்படக்காரரை நான் அறியேன்.

கெய்ட்டாவை உலகம் எப்படிக் கண்டுகொண்டது?

1991இல் நியூயார்க்கில் 20ஆம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கலை பற்றி நடந்த பெரிய கண்காட்சி ஒன்றில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. அடியில் எடுத்தவர் பெயர் இல்லை. அறியப்படாத ஒளிப்படக்காரர் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அப்போது கெய்ட்டா பமாகோவில் உயிரோடுதான் இருந்தார். அந்தப் படங்களைக் கண்டு பிரெஞ்சுக் கண்காட்சி அமைப்பாளர் ஆந்த்ரே மாஞ்ஞாங் பமாகோவுக்குப் போய் விசாரிக்க, உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்த மனிதராக அவர் கண்டறியப்பட்டார். 1994இல் பாரிசின் கார்த்தியே அறக்கட்டளையில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 2001இல் அவர் காலமானார்.

அன்று வாடிக்கையாளர் கையில் வாங்கிச் சென்றது நெகட்டிவ் அளவே உள்ள சிறிய பிரிண்ட். இன்று அருங்காட்சியகச் சுவரில் காண்பது ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டது. பெரிய பிரிண்டில் துணியின் இழை வரை தெரிகிறது என்பது உண்மை. ஆனால் சட்டைப்பையில் வைக்கவும் கடிதத்தோடு அனுப்பவும் எடுக்கப்பட்ட ஒன்று, முன்பின் அறியாதவர்கள் நின்று பார்க்கும் பொருளாக மாறிவிட்டது. கூடுமானால் பழைய சிறிய பிரிண்ட்களையும் பக்கத்தில் வைத்தே காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

மாலிக் சிடிபே வேறுபடுவது எதில்?

கெய்ட்டா வாடிக்கையாளரைத் தம்மிடம் வரவழைத்தார். சிடிபே அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார். 1960இல் மாலி விடுதலை பெற்ற பின் பமாகோ இளைஞர்கள் மன்றங்கள் அமைத்து இரவு விருந்துகள் நடத்தினார்கள். சிடிபே ஒரே இரவில் பல விருந்துகளுக்குச் சென்று படமெடுத்து, விடியற்காலையில் கழுவி, ஸ்டூடியோ வாசலில் ஒட்டி வைப்பார். 1963இல் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் அவர் எடுத்த படத்தில் ஓர் இளைஞனும் வெறுங்காலோடு ஓர் இளம்பெண்ணும் தலை குனிந்து, நெற்றி ஏறக்குறைய உரச, ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். 2007இல் வெனிஸ் பியனாலேயின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் ஒளிப்படக் கலைஞரும் முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

தன்னைத்தானே படமெடுக்கும் கலைஞர்கள் இவ்வளவு பேர் இருப்பது ஏன்?

படமெடுப்பவரும் படத்தில் இருப்பவரும் ஒருவராகவே ஆகும்போது, உருவத்தின் மீதான உரிமை முழுமையடைகிறது. இதற்கு முன்னோடியான சாமுவேல் ஃபோசோ 1962இல் கேமரூனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்தவர். சிறு வயதில் உடல் முடங்கியிருந்ததால் அவரைக் குழந்தைப் பருவத்தில் யாரும் படமெடுக்கவில்லை. நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போருக்குப் பின் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்குயிக்கு வந்து, 1975இல், 13 வயதில், சொந்த ஸ்டூடியோ திறந்தார். நாள் முடிவில் ஃபிலிமில் மிஞ்சும் சில சட்டகங்களில் தம்மையே எடுத்து, தாம் நலம் என்று காட்ட நைஜீரியாவிலுள்ள பாட்டிக்கு அனுப்பினார். அந்தக் கடைசிச் சட்டகங்களே அவருடைய கலையாயின. 1997இல் எடுத்த ஒரு வண்ணப்படத்தில் சிறுத்தைத் தோலும் பொன் நகைகளும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் சூரியகாந்திப் பூக்களைப் பிடித்துக்கொண்டு, தன் மண்ணைக் காலனியவாதிகளுக்கு விற்ற தலைவனாக அமர்ந்திருக்கிறார். 2008இன் தொடரில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளிகளான மால்கம் எக்ஸ், ஏஞ்சலா டேவிஸ், கானாவின் விடுதலைத் தலைவர் குவாமே இன்க்ரூமா ஆகியோராகத் தோன்றுகிறார். 2014இல் பாங்குயி கலவரத்தில் அவர் வீடு சூறையாடப்பட்டபோது, செய்தி சேகரிக்கப் போயிருந்த ஒளிப்படக்காரர்களே சிதறிக் கிடந்த நெகட்டிவ்களைப் பொறுக்கிக் காப்பாற்றினார்கள். 2023இல் டாய்ச்ச போர்ஸ ஒளிப்படப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவின் ஸனேலே முஹோலி இதை அரசியல் பணியாகவே செய்கிறார். தற்பால் ஈர்ப்புடைய கறுப்பினப் பெண்களையும் திருநர்களையும் 2006 முதல் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம் அவர்களுக்குச் சம உரிமை தந்திருந்தும் வன்முறை ஓயாத நிலையில், அவர்கள் பெயரோடும் முகத்தோடும் ஆவணமாக நிற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 2012இல் அவர் வீட்டில் புகுந்த திருடர்கள் இந்தப் படங்கள் இருந்த பல ஹார்டு டிஸ்க்குகளைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆண்டுக்கணக்கான உழைப்பு அதில் போயிற்று. பின்னர் வந்த தற்படத் தொடரில் துணி மாட்டும் கிளிப்புகளும் பாத்திரம் தேய்க்கும் நாரும் மகுடமாகின்றன. வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டில் வேலை செய்த தம் தாயை நினைத்து அமைத்தவை அவை.

பெண் ஒளிப்படக்காரர்கள் முன்பே இருந்தார்களா?

இருந்தார்கள். கானாவின் ஃபெலிசியா அபான் 1950களிலேயே அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் ஸ்டூடியோ நடத்தினார். விழாக்களுக்குப் புறப்படும் முன் முழு அலங்காரத்தில் தம்மையே படமெடுத்துக்கொண்டார். 2019இல் வெனிசில் கானாவின் முதல் அரங்கு அமைந்தபோதுதான் அந்தப் படங்கள் உலகப் பார்வைக்கு வந்தன. எத்தியோப்பியாவின் ஐடா முலுனே 2010இல் அடிஸ் அபாபாவில் ஒளிப்பட விழா ஒன்றைத் தொடங்கி, வறட்சியும் பஞ்சமும் மட்டுமே தெரியும் எத்தியோப்பியப் படங்களுக்கு மாற்றாக, உடலில் நிறம் பூசிய பெண்களை உப்புவெளியில் நிறுத்திப் படமெடுக்கிறார்.

பளீரென்ற அச்சுத் துணி உண்மையில் ஆப்பிரிக்காவினுடையதா?

மெழுகு அச்சுத் துணி எனப்படும் அது மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் ஜாவாவின் பாட்டிக் துணியைப் பார்த்து நெதர்லாந்தில் இயந்திரத்தில் செய்யப்பட்டது. ஹெல்மண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதைச் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தது. அங்கே நடந்தது வெறும் விற்பனை அல்ல. சந்தைப் பெண்கள் ஒவ்வொரு கோலத்துக்கும் பெயரும் பழமொழியும் கொடுத்தார்கள். எந்தக் கோலம் ஓடும், எது ஓடாது என்று நெதர்லாந்துக்குச் சொல்லியனுப்பினார்கள். டோகோவின் லோமே நகரில் இந்த வணிகத்தால் செல்வம் சேர்த்த பெண்கள் பென்ஸ் கார் வைத்திருந்ததால் நானா பென்ஸ் என்றே அழைக்கப்பட்டார்கள்.

லண்டனில் பிறந்து லாகோசில் வளர்ந்த யின்கா ஷோனிபாரே இந்தக் கலப்பு வரலாற்றையே தம் கலையின் பொருளாக்கினார். லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில் துணி வாங்கி, விக்டோரியா காலத்து ஆடைகளாகத் தைத்து, தலையில்லாத உருவங்களுக்கு அணிவித்தார். 2010இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலைப் பெரிய குப்பிக்குள் அமைத்து, அதன் 37 பாய்களையும் இந்தத் துணியால் செய்தார். மாறாக, கேமரூனைச் சேர்ந்த இமானே அயிசி மெழுகு அச்சுத் துணியைத் தொடுவதே இல்லை. அது வெளியிலிருந்து வந்தது என்பதால் கானாவின் கைத்தறித் துணியான கென்டே, ராஃபியா நார், கைத்தறிப் பருத்தி ஆகியவற்றைக் கொண்டே தைக்கிறார்; 2020 ஜனவரியில் பாரிசின் உயர்தர ஆடை வார அட்டவணையில் இடம்பெற்றார். இருவர் முடிவும் ஒன்றுக்கொன்று எதிரானது. இரண்டும் நன்கு எண்ணிப் பார்த்து எடுக்கப்பட்டவை என்பதால் ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

தமிழ்நாட்டுத் தறிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, ஐரோப்பிய வணிகர்களின் கப்பல்களில், பல நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெட்ராஸ் கைக்குட்டை என்ற வணிகப் பெயர் கொண்ட இத்துணியை நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இஞ்சிரி என்று அழைத்துத் தங்கள் குலச் சொத்தாகவே போற்றுகிறார்கள். குழந்தை பிறப்பு முதல் இறுதிச் சடங்கு வரை அதற்கு இடமுண்டு. முதியவர் இறந்தால் அவரைக் கிடத்தும் கட்டிலைச் சுற்றி இத்துணிகளை மடித்து அலங்கரிப்பார்கள்.

கலபாரிப் பெண்கள் வாங்கிய துணியை அப்படியே உடுத்துவதில்லை. கட்டங்களுக்குள் உள்ள வெளிர் நிற இழைகளைப் பிளேடாலோ சிறு கத்தியாலோ ஒவ்வொன்றாக நறுக்கி உருவிவிடுகிறார்கள். மிஞ்சும் கருநிற இழைகளில் சதுரங்கப் பலகை, மரவட்டைக் கால் போன்ற கோலங்கள் எழுகின்றன. முடிந்த துணி வலைபோல மெல்லியதாகி, வாங்கியபோது இருந்ததைவிட மதிப்புயர்ந்து விடுகிறது. அதன் பெயர் பெலெடே பிடே. வெளியூர்த் துணி ஒன்றைத் தமதாக்கிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நைஜீரியாவின் இக்போ மக்கள் திருமணங்களில் உடுத்தும் ஜார்ஜ் துணியும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை வழியாகப் போனதே. செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக் ஆகிய கரீபியன் தீவுகளில் மரபு உடையாகக் கருதப்படுவதும் இதே மெட்ராஸ் கட்டத் துணிதான்.

கவனிக்க வேண்டிய ஆடை வடிவமைப்பாளர்கள் யார்?

முன்னோடியாக மாலியின் கிரிஸ் செய்டூவைச் சொல்ல வேண்டும். இலைச்சாற்றில் நனைத்த துணியின் மேல் புளித்த சேற்றால் தீட்டும் பொகோலான் என்ற துணியை அவர் 1970களிலேயே மேலங்கிகளாகவும் குட்டைப் பாவாடைகளாகவும் தைத்தார். அந்தக் கோலங்களுக்குச் சடங்குப் பொருள் உண்டு என்பதால் முதலில் கத்திரி வைக்கத் தயங்கினார். பிறகு தைப்பதற்கென்றே எளிய கோலம் திரும்பத் திரும்ப வரும்படி தீட்டச் செய்தார். 1994இல் மறைந்த அவருடைய வழியில்தான் இன்றைய பலரும் நடக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் பிறந்த தெபே மகுகு இளம் ஆடை வடிவமைப்பாளர்களுக்குப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று வழங்கும் எல்விஎம்எச் பரிசை 2019இல் வென்ற முதல் ஆப்பிரிக்கர். தம் வீட்டுப் பழைய ஒளிப்படங்களைத் தாயோடும் அத்தையோடும் உட்கார்ந்து பார்த்து, அவற்றில் இருந்த உடைகளையே புதிதாக வடிவமைத்து ஒரு முழுத் தொகுப்பாக்கினார். நைஜீரியாவின் கென்னெத் இஸே, யோருபா மக்களின் கைத்தறித் துணியான அசோ ஒக்கேயைப் பாரிஸ் மேடைக்குக் கொண்டுபோனார். ஜமைக்கத் தந்தைக்கு லண்டனில் பிறந்த கிரேஸ் வேல்ஸ் பானர் 2016இல் அதே எல்விஎம்எச் பரிசைப் பெற்று, 2025இல் ஹெர்மெஸ் நிறுவனத்தின் ஆண்கள் ஆடைப் பிரிவுக்குப் பொறுப்பேற்க அழைக்கப்பட்டார். அவருடைய ஒரு தொகுப்பு புர்க்கினா ஃபாசோவின் ஸ்டூடியோ ஒளிப்படக்காரர் சான்லே சோரி 1960களிலும் 70களிலும் எடுத்த படங்களிலிருந்து பிறந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படம் அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் உடையாகிறது.

லண்டனும் நியூயார்க்கும் இதில் வகிக்கும் பங்கு என்ன?

வாய்ப்பும் தடையும் ஒரே இடத்தில் இருந்த நகரங்கள் அவை. 1960களில் ஜேம்ஸ் பார்னர் லண்டனில் டிரம் இதழின் அட்டைக்காகக் கறுப்பினப் பெண்களைத் தெருவில் நிறுத்திப் படமெடுத்தார். அந்த இதழ் ஆப்பிரிக்கச் சந்தைக்குரியது. பிரிட்டிஷ் ஃபேஷன் இதழ்களின் கதவு அவர்களுக்குத் திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கானாவில் பிறந்து சிறு வயதில் லண்டன் வந்த எட்வர்ட் எனின்ஃபுல் 2017இல் பிரிட்டிஷ் வோக் இதழின் ஆசிரியரானார். அமெரிக்க வோக் 126 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாகக் கறுப்பின ஒளிப்படக்காரர் ஒருவரிடம் அட்டைப் படத்தை ஒப்படைத்தது 2018இல்தான். பியோன்சேயைப் படமெடுத்த டைலர் மிட்செலுக்கு அப்போது 23 வயது.

கேமராவை வேறு வழியில் பயன்படுத்தியவர்களையும் மறக்கக் கூடாது. 1966இல் குடும்பத்தோடு நைஜீரியாவை விட்டு வந்த ரோட்டிமி ஃபானி கயோடே, யோருபாச் சமய உருவங்களையும் தற்பால் ஈர்ப்பையும் ஒரே படத்தில் இணைத்தார். கறுப்பின ஒளிப்படக் கலைஞர்களுக்காக 1988இல் லண்டனில் தொடங்கிய ஆட்டோகிராஃப் அமைப்பின் முதல் தலைவரான அவர் மறு ஆண்டே இறந்தார். டெல்லியில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் சுனில் குப்தாவும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஓவியத்திலும் சிற்பத்திலும் ஒளிப்படமும் துணியும் எப்படி வருகின்றன?

இன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர். அவருடைய ஓவியங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் அமைதியான வரவேற்பறை. அருகில் போனால் சுவரும் தரையும் உடம்பும் நூற்றுக்கணக்கான சிறு ஒளிப்படங்களால் ஆனவை. நைஜீரிய இதழ்களிலிருந்தும் குடும்ப ஆல்பங்களிலிருந்தும் எடுத்த படங்களை ரசாயனத்தால் தாளில் ஒற்றி எடுக்கிறார்.

எல் அனாட்சுயி கானாவில் 1944இல் பிறந்து, நைஜீரியாவின் இன்சுக்கா பல்கலைக்கழகத்தில் 1975 முதல் கற்பித்தவர். 1990களின் இறுதியில் மதுக்குப்பி மூடிகள் நிறைந்த மூட்டை ஒன்று கண்ணில்பட, அவற்றைத் தட்டையாக்கி, முறுக்கி, செப்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு விரிப்புகளாக்கத் தொடங்கினார். அவருடைய தந்தையின் கென்டே நெசவு அதில் தெரிகிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த மதுவின் வரலாறும் தெரிகிறது. அவற்றுக்கு நிலையான வடிவம் கிடையாது. எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதை ஒவ்வோர் இடத்திலும் அமைப்பவர்களே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிடுகிறார்.

வடகானாவின் டமாலேயைச் சேர்ந்த இப்ராஹிம் மஹாமாவின் பொருள் சணல் சாக்கு. ஆசியாவில் நெய்து, கானாவில் கோகோ நிரப்பி ஏற்றுமதியாகி, பிறகு கரி மூட்டையாகி நைந்துபோன சாக்குகளைச் சந்தையில் புதுச் சாக்குக்கு மாற்றாக வாங்கி, பலரைக் கொண்டு தைத்து, கட்டடங்களை முழுதாகப் போர்த்துகிறார். சாக்கின் மேல் உள்ள முத்திரையும் கிழிசலும் ஒட்டும் அப்படியே இருக்கும். அதில் வரும் பணத்தைக் கொண்டு டமாலேயிலேயே கலை மையங்கள் கட்டி, பழைய விமானங்களை வாங்கி நிறுத்திப் பிள்ளைகள் படிக்கும் இடமாக்கியிருக்கிறார். இன்றைய கலைஞர்களில் நான் மிகவும் மதிப்பது இவரைத்தான்.

இந்திய வரலாறு இவர்கள் படங்களில் வந்திருக்கிறதா?

செனகலின் ஒமர் விக்டர் தியோப் 2014இல் எடுத்த தற்படத் தொடரில் வந்திருக்கிறது. பிற நாடுகளில் புகழ்பெற்ற ஆப்பிரிக்கர்களின் பழைய ஓவியங்களை அப்படியே தம் உடலில் நடித்துக் காட்டும் தொடர் அது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் அகமதுநகர் அரசின் அதிகாரம் முழுவதையும் கைக்கொண்டு, 1626இல் இறக்கும் வரை முகலாயப் படைகளைத் தடுத்து நின்ற மாலிக் அம்பரும், பீஜப்பூர் அரசில் உயர்ந்த இக்லாஸ் கானும் அதில் உள்ளனர். ஒவ்வொரு படத்திலும் கால்பந்தாட்டப் பொருள் ஒன்றைத் தியோப் சேர்த்திருக்கிறார். ஐரோப்பிய மைதானங்களில் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் புகழும் இனவெறியும் அந்தப் பழைய மனிதர்களின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன.

உயர்ந்த விலைகளால் கலைஞர்களுக்குப் பயன் உண்டா?

பல நேரங்களில் இல்லை. அக்ராவில் பிறந்த அமோவாகோ போவாஃபோ விரல்களாலேயே முகத்தைத் தீட்டும் ஓவியர். 2019இல் வரைந்த அவருடைய ஓவியம் ஒன்று, 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 30,000 முதல் 50,000 பவுண்டு வரை போகும் என்று எதிர்பார்க்கப்பட்டு, 6,75,000 பவுண்டுக்கு விற்றது. வாங்கி உடனே மறுவிற்பனை செய்பவருக்கே அந்த லாபத்தின் பெரும்பகுதி சேர்கிறது. இளம் ஓவியரின் விலை இப்படி ஏறி மறு ஆண்டே சரிந்தால் அதன் சுமையை அந்த ஓவியரே தாங்க வேண்டும். கண்காட்சிக்கூடங்களும் அச்சகங்களும் பாதுகாப்பு அறைகளும் கண்டத்துக்குள்ளேயே பெருகுவதுதான் நிலையான பயன் தரும். போவாஃபோவும் தம் வருவாயில் அக்ராவில் பிற கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இடம் ஒன்றை அமைத்திருக்கிறார்.

எந்த நிறுவனங்களும் விழாக்களும் முக்கியமானவை?

பமாகோ ஒளிப்பட விழா 1994 முதலும், டக்கார் பியனாலே 1990களின் தொடக்கம் முதலும், லாகோஸ் ஒளிப்பட விழா 2010 முதலும், லாகோஸ் ஃபேஷன் வாரம் 2011 முதலும் நடைபெறுகின்றன. கேப்டவுனில் பழைய தானியக் கிடங்கைக் குடைந்து கட்டிய ஸைட்ஸ் அருங்காட்சியகம் 2017இல் திறக்கப்பட்டது. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பாளர்களில் நைஜீரியாவின் ஒக்வி என்வேஸோர் தலையாயவர். 1996இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர்களைத் திரட்டிக் காட்டிய குழுவில் இருந்தவர். ஜெர்மனியின் கசல் நகரில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவை 2002இல் நடத்தும்போது அதன் கருத்தரங்குகளை அந்நகருக்கு வெளியே லாகோசுக்கும் புதுடெல்லிக்கும் கொண்டுபோனவர். 2015 வெனிஸ் பியனாலேயை வழிநடத்தியவர். 2019இல் 55 வயதில் காலமானார். கேமரூனில் பிறந்த கோயோ குவோ டக்காரில் கலை மையம் நிறுவி, ஸைட்ஸ் அருங்காட்சியகத்தை நிமிர்த்தி, 2026 வெனிஸ் பியனாலேயின் பொறுப்பை ஏற்றிருந்த நிலையில் 2025 மே மாதம் மறைந்தார்.

தென்னிந்தியாவிலிருந்து இவற்றை நேரில் காண வழி உண்டா?

கொச்சி முசிறிஸ் பியனாலேதான் நமக்கு மிக அருகில் உள்ள வழி. 2018இல் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் அங்கே பல திரைகளில் ஓடும் ஊர்வலம் ஒன்றை அமைத்தார். 2025 டிசம்பரில் தொடங்கிய பதிப்பில் இப்ராஹிம் மஹாமா பங்கேற்றார். மற்றபடி பெரிய அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்புகளில் கெய்ட்டா, சிடிபே, ஃபோசோ ஆகியோரின் படங்களை நல்ல தரத்தில் காணலாம். முதலில் கெய்ட்டாவின் பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு, முகத்தை விட்டுவிட்டுப் பின்திரையையும் ஆடையையும் கைகளையும் மட்டும் பாருங்கள். பிறகு அகுன்யிலி கிராஸ்பியின் ஓவியங்களுக்கும் மகுகுவின் உடைகளுக்கும் போங்கள். வரலாற்று வரிசையில் படிப்பதைவிட இந்த வழியில் போனால் அவர்களுக்கு இடையேயுள்ள உறவு விரைவில் பிடிபடும்.